தீ வைத்தவரும் எண்ணெய் வாங்கியவரும்

சுமத்ரா தீவின் மேற்குக் கரையோரம், ஆச்சே மாகாணத்தின் நாகன் ராயா மாவட்டத்தில் திரிபா என்றொரு சதுப்புக்காடு இருக்கிறது. சுமத்ரா ஒராங்குட்டானுக்கு மிஞ்சியிருக்கும் வாழிடங்களில் அதுவும் ஒன்று. அங்கே காலடியில் இருப்பதை மண் என்று சொல்லிவிட முடியாது. பல ஆயிரம் ஆண்டுகளாக நீரில் விழுந்து, முழுதாக மக்காமல் படிந்துபோன இலை, கிளை, வேர்களின் அடுக்கு அது. பீட் என்று அதற்குப் பெயர். 3 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள பீட் நிலத்தில் தோட்டம் போடக்கூடாது என்பது இந்தோனேசிய விதி. தோட்டம் போட நினைப்பவர் முதலில் பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டுவந்து நேர்க்கோட்டில் கால்வாய் வெட்டுவார். காட்டின் நீர் கால்வாய் வழியே ஆற்றுக்கு வடிந்துவிடும். நீர் இறங்க இறங்க மேலடுக்கு காய்ந்து பொடியாகும். அதில் தீ வைத்தால் மரம், புதர் எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும். நிலத்தைத் திருத்த அதைவிட மலிவான வழி கிடையாது. மேலே மழை பெய்து தீ அணைந்ததுபோல் தெரிந்தாலும், பீட் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். 2009 முதல் 2012 வரை திரிபாவில் இப்படித்தான் எரிந்தது. ஏறக்குறைய 1,000 ஹெக்டேரை எரித்ததாகக் கல்லிஸ்டா ஆலம் என்ற எண்ணெய்ப்பனைத் தோட்ட நிறுவனத்தின்மீது இந்தோனேசிய சுற்றுச்சூழல் அமைச்சகம் உரிமையியல் வழக்குத் தொடுத்தது. 2014 ஜனவரியில் மெலாபோ மாவட்ட நீதிமன்றம் 36,600 கோடி ரூப்பியா கட்டும்படி தீர்ப்பளித்தது. அன்றைய மதிப்பில் அது சுமார் 3 கோடி அமெரிக்க டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான தொகை அரசுக்கு இழப்பீடு. மீதி, எரித்த நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கு.

உலகெங்கும் சூழலியலாளர்கள் கொண்டாடிய தீர்ப்பு அது. அதன் பிறகு நடந்தவற்றைக் கவனித்தால், நிறுவனங்களைப் பொறுப்பேற்க வைப்பது எங்கே தடுக்கி விழுகிறது என்பது தெரியும். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. மறுசீராய்வு மனுவும் 2017இல் தள்ளுபடியானது. வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் நிறுவனம் அமைச்சகத்தின்மீது புதிதாக வழக்குப் போட்டது. தண்டனை கொடுத்த அதே மெலாபோ நீதிமன்றம், நில எல்லை குறித்த தகராற்றைக் காரணம் காட்டி, அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற முடியாது என்று 2018இல் சொன்னது. பண்டா ஆச்சே உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்ய வேண்டியிருந்தது. இப்படித் தீர்ப்புக்கும் வசூலுக்கும் இடையில் ஆண்டுகள் ஓடின. எரிந்துபோன பீட் அடுக்கு மறுபடி உருவாகத் தேவைப்படும் காலமோ மனித ஆயுளால் அளக்கக்கூடியதல்ல.

இத்தனைக்கும் இது வெற்றிபெற்ற வழக்கு. இந்தோனேசியாவில் சட்டம் இல்லை என்றோ, நீதிபதிகளுக்குத் துணிவு இல்லை என்றோ யாரும் சொல்ல முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. வழக்கில் எதிர்வாதி ஒரே ஒரு தோட்ட நிறுவனம். தோட்டங்களிடமிருந்து குலை வாங்கும் ஆலையும், ஆலையின் எண்ணெயை வாங்கும் பன்னாட்டு வணிக நிறுவனமும், கடன் கொடுக்கும் வங்கியும், கடைசியில் அந்த எண்ணெயைப் பிஸ்கட்டிலும் சோப்பிலும் சேர்த்து விற்கும் பெரிய பெயர்களும் இத்தகைய வழக்குகளின் எல்லைக்குள் வருவதே இல்லை. லாபம் மேல்நோக்கிப் பல படிகள் ஏறுகிறது. பொறுப்பு முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. லாபம் போன வழியிலேயே சட்டப்பொறுப்பும் போகாதவரை, மழைக்காட்டையும் அதில் வாழும் மனிதர்களையும் எந்தத் தீர்ப்பாலும் காக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வழி இந்தியத் துறைமுகங்களுக்கும் வருகிறது என்பதால், இதைத் தொலைதேசத்துச் செய்தி என்று நாம் ஒதுக்க முடியாது.

ஒதுக்க முடியாததற்கு இழப்பின் அளவும் ஒரு காரணம். 2015இன் வறண்ட பருவத்தில் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அந்த ஐந்து மாதத் தீயால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 1,610 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்கிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆச்சேயை மறுபடி கட்டி எழுப்ப ஆன செலவைப்போல் இருமடங்கு அது. புகை மலாக்கா நீரிணையைத் தாண்டிச் சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. மூன்று நாடுகளிலும் சேர்த்து அந்தப் புகையால் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காலத்துக்கு முன்பே இறந்திருக்கக்கூடும் என்று ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் மதிப்பிட்டார்கள். மாதிரிக் கணக்கு என்பதால் இந்த எண்ணிக்கையை அரசுகள் ஏற்கவில்லை. அதில் பாதியை, ஏன் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஒரு தொழில் தன் செலவை மிச்சப்படுத்த மூன்று நாட்டு மக்களின் நுரையீரலைப் பயன்படுத்திக்கொண்டது என்ற உண்மை மாறாது. எரிந்தவை எல்லாமே எண்ணெய்ப்பனைக்காக எரிந்தவை அல்ல. காகிதக்கூழ் மரத் தோட்டங்களும் சிறு விவசாயிகளின் நிலங்களும் அதில் அடக்கம். ஆனால் பீட் நிலத்தைக் கால்வாய் வெட்டி உலர்த்தியது யார் என்று கேட்டால், அதற்கான இயந்திரமும் முதலீடும் யாரிடம் இருந்தன என்பதே பதிலைச் சொல்லிவிடும்.

எண்ணெய்ப்பனை இந்தத் தீவுகளின் மரமன்று. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நான்கு கன்றுகள் வந்து சேர்ந்தன. மலாயாவில் முதல் வணிகத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் எஸ்டேட்டில் போடப்பட்டது. அதன் குலை பத்து முதல் இருபத்தைந்து கிலோ வரை கனக்கும். வெட்டிய குலையை ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலையில் அவித்தாக வேண்டும். தாமதித்தால் பழத்துக்குள் அமிலம் கூடி எண்ணெய் கெட்டுவிடும். இந்த ஒரு இயற்கை விதிதான் தொழிலின் முழு அமைப்பையும் தீர்மானிக்கிறது. தோட்டத்திலிருந்து ஆலை வெகுதூரம் போக முடியாது. சுமார் 50 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்குள்தான் அது குலை வாங்கும். ஆலை வாசலில் நின்று பார்த்தால் விவகாரம் விளங்கும். லாரி எடைமேடையில் ஏறுகிறது. சீட்டில் வண்டி எண், கொண்டுவந்த தரகரின் பெயர், மொத்த எடை, வெற்று வண்டியின் எடை, தரக்கழிவு ஆகியவை பதிவாகின்றன. குலை எந்த நிலத்தில் வெட்டப்பட்டது என்பதற்கு, காலங்காலமாக, அந்தச் சீட்டில் ஒரு கட்டமே இருந்ததில்லை. ஒரே லாரியில் உரிமம் பெற்ற தோட்டத்தின் குலையும், தேசியப் பூங்காவுக்குள் திருட்டுத்தனமாக நட்ட மரத்தின் குலையும், இரண்டு ஹெக்டேர் வைத்திருக்கும் விவசாயியின் குலையும் கலந்து கிடக்கும். அவிக்கும் கலனுக்குள் போன பிறகு எதையும் பிரித்தறிய முடியாது. அங்கிருந்து புறப்படும் கச்சா எண்ணெய் ஒருசில பெரிய சுத்திகரிப்பு நிறுவனங்களிடம் போய்ச் சேர்கிறது. தோட்டங்கள் லட்சக்கணக்கில், ஆலைகள் ஆயிரக்கணக்கில், உலக வணிகத்தை நடத்தும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் பிடிக்க வேண்டிய இடம் குறுகலான இந்த முனைதான்.

இது வெறும் அனுமானமா என்று கேட்பவருக்குச் சான்று இருக்கிறது. உலகப் பாமாயில் வணிகத்தின் மிகப் பெரிய நிறுவனமான வில்மார், காட்டை அழித்து, பீட் நிலத்தைத் திருத்தி, மக்களைச் சுரண்டி விளைவித்த எண்ணெயை இனி வாங்குவதில்லை என்று 2013 டிசம்பரில் அறிவித்தது. முந்தைய ஜூனில் சிங்கப்பூரை மூடிய புகையும், பன்னாட்டு நுகர்பொருள் நிறுவனங்களின் நெருக்குதலும் அதற்குப் பின்னணி. மற்ற பெரிய வணிகர்களும் ஒருவர் பின் ஒருவராக அதே உறுதிமொழியை எடுத்தார்கள். இந்தோனேசியாவில் தொழில்முறை எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காக 2018 முதல் 2022 வரை ஆண்டுதோறும் அழிக்கப்பட்ட காட்டின் சராசரி, 2008–2012 கால உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அக்காலத்தின் ஒரு பகுதியில் பாமாயில் விலை மந்தமாக இருந்ததும், அரசு புதிய உரிமங்களை நிறுத்திவைத்ததும் உதவின. ஆனால் 2021, 2022இல் விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனபோதும் காடழிப்பு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. வாங்குபவர் மறுத்தால் வெட்டுபவர் தயங்குகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எந்த வெப்பமண்டல விளைபொருளிலும் கிடைப்பது அரிது. தீ வைத்த ஒரு நிறுவனத்தின்மீது நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கியும் கிடைக்காத பலன், வாங்குமுனையில் சில ஆண்டுகளில் கிடைத்தது.

மனித உரிமையிலும் இதே கதைதான். இதில் தமிழருக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர் பால் வெட்ட மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழரின் பிள்ளைகளும் பேரர்களும், 1960களுக்குப் பிறகு ரப்பர் வெட்டப்பட்டு எண்ணெய்ப்பனை நடப்பட்டபோது, நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டினார்கள். எஸ்டேட்டுகள் வீட்டுமனைகளாகவும் கோல்ப் மைதானங்களாகவும் விற்கப்பட்டபோது, குடியிருந்த லயத்தையும் கும்பிட்ட கோயிலையும் படித்த பள்ளிக்கூடத்தையும் இழந்து நகர ஓரத்துக்குத் துரத்தப்பட்டார்கள். மூன்று தலைமுறை உழைப்புக்கு ஒரு துண்டு நிலம்கூட மிஞ்சவில்லை. அவர்கள் விட்ட இடத்துக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் புதிய தொழிலாளர்கள் வந்தார்கள். ஆள்சேர்ப்பு முகவருக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, வந்ததும் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, கடன் தீரும்வரை நகர முடியாமல் கிடப்பது பல தோட்டங்களில் வழக்கமாகிப்போனது. தொழிற்சங்கங்களும் உரிமை அமைப்புகளும் இதைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தன; நிறுவனங்கள் அறிக்கைகளால் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. 2020 செப்டம்பரில் மலேசியாவின் எஃப்ஜிவி நிறுவனத்தின் பாமாயிலையும், டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷனின் பாமாயிலையும் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்க அமெரிக்கச் சுங்கத் துறை உத்தரவிட்டது. கட்டாய உழைப்பில் உருவான பொருளை இறக்குமதி செய்யக்கூடாது என்ற 1930ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவே அதற்கு ஆதாரம். அதற்குப் பிறகு சைம் டார்பி தன் ஆள்சேர்ப்பு முறையை மாற்றியது. இந்நாள், முன்னாள் தொழிலாளர்கள் கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. பணம் தொழிலாளியின் கைக்கு வந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் நற்சான்று அறிக்கைகள் ஒன்றுகூட அதைச் செய்ததில்லை.

அப்படியானால் உறுதிமொழிகளே போதும், சட்டம் எதற்கு என்று தொழில்தரப்பு கேட்கிறது. இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, உறுதிமொழி விருப்பம் சார்ந்தது. எடுத்தவரே கைவிடலாம், எடுக்காதவரை யாரும் கேட்க முடியாது. இரண்டாவது காரணம் இதைவிடக் கனமானது. உறுதிமொழி நாளைய காட்டைப் பற்றிப் பேசுகிறது, நேற்றுப் பறித்த நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இந்தோனேசியாவில் காட்டு நிலமென்று வரையறுக்கப்பட்ட பகுதிக்குள் மட்டும் 30 லட்சம் ஹெக்டேருக்கும் மேலான எண்ணெய்ப்பனை இருப்பதாக அரசே சொல்கிறது. ரியாவ் மாகாணத்தில் 37,000 ஹெக்டேருக்கு மேல் சட்டவிரோதமாகத் தோட்டம் நடத்திய குற்றத்துக்காக டூட்டா பால்மா குழுமத்தின் உரிமையாளர் சூர்யா டார்மாடிக்கு 2023இல் விசாரணை நீதிமன்றம் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அந்தக் குழுமத்தின் தோட்டங்கள் 2025இல் அக்ரினாஸ் என்ற அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. திருடியவர் சிறைக்குப் போனார், நிலம் அரசுக்குப் போனது. அந்நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த சமூகங்களுக்கு அது திரும்பவில்லை, காடும் திரும்பவில்லை. பழங்குடியினரின் மரபுவழிக் காடு அரசுக்குச் சொந்தமானதல்ல என்று இந்தோனேசிய அரசமைப்பு நீதிமன்றம் 2013இலேயே தீர்ப்பளித்திருந்தும், இதுவரை முறைப்படி அங்கீகரிக்கப்பட்ட மரபுவழிக் காடு சில லட்சம் ஹெக்டேர்களைத் தாண்டவில்லை.

பப்புவாவின் பொவென் டிகோல் மாவட்டத்தில் நடந்தது இதைவிட வேதனையானது, ஏனென்றால் அங்கே காடு நின்றுகொண்டிருக்கும்போதே மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். இந்தோ ஆசியானா லெஸ்தாரி என்ற நிறுவனத்துக்கு 36,094 ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை நட மாகாண அரசு சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்திருந்தது. சென்னை மாநகராட்சியின் பரப்பைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்த நிலத்தில் வேட்டையாடியும் சேகோ மாவு எடுத்தும் வாழும் அவ்யூ மக்களின் சார்பில் ஹென்ட்ரிகஸ் வோரோ 2023 மார்ச்சில் ஜெயபுரா நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அங்கும் தோல்வி, மேல்முறையீட்டிலும் தோல்வி. 2024இல் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. வழக்குத் தொடுக்கும் 90 நாள் கெடு கடந்துவிட்டது என்பது காரணம். தன் காட்டைப் பற்றிய அரசு உத்தரவு எப்போது பிறந்தது என்பதே ஒரு சமூகத்துக்கு எளிதில் தெரியாத நிலையில், அந்த உத்தரவை எதிர்ப்பதற்கான கெடுவை நாள் எண்ணிக் கணக்குப் பார்ப்பது நீதியின் வடிவம் மட்டுமே, நீதி ஆகாது. உள்நாட்டு நீதிமன்றம் கைவிட்ட பிறகு அவர்கள் வேறு எங்கே போக முடியும்?

நிறுவனத்தின் தாயகத்துக்குப் போகலாம் என்ற பாதை மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது. அதில் முக்கியமான ஒரு தீர்ப்பு, தூத்துக்குடி மக்கள் நன்கறிந்த ஒரு நிறுவனத்தைப் பற்றியது. ஜாம்பியாவின் சிங்கோலா பகுதியில் வேதாந்தாவின் துணை நிறுவனம் நடத்திய செப்புச் சுரங்கத்தின் கழிவால் ஆறு கெட்டது என்று 1,800க்கும் மேற்பட்ட கிராமத்தார் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். தாய் நிறுவனம் வேறு, துணை நிறுவனம் வேறு என்ற பழைய கவசத்தையே வேதாந்தா முன்வைத்தது. 2019 ஏப்ரலில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குழுமம் முழுவதுக்கும் சுற்றுச்சூழல் தரத்தைத் தானே வகுத்து, அதைக் கண்காணிப்பதாகத் தாய் நிறுவனம் தன் அறிக்கைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கும்போது, அதற்கு மக்கள்மீது கடமை உண்டா என்பது விசாரிக்க வேண்டிய கேள்விதான் என்றது. வழக்கு பின்னர், பொறுப்பை ஒப்புக்கொள்ளாத உடன்படிக்கையாக முடிந்தது. ஆனாலும் அதன் தர்க்கம் மழைக்காட்டுக்கு அப்படியே பொருந்தும். காடழிப்பு இல்லை, சுரண்டல் இல்லை என்று அறிக்கை வெளியிடும் ஒவ்வொரு வணிக நிறுவனமும், தன் வழங்குநரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் தனக்கு உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. விளம்பரத்துக்காக எழுதிய வாசகத்தை வழக்கில் சாட்சியமாக நிறுத்த முடியும். பிரான்ஸ் 2017இல் பெரிய நிறுவனங்களுக்கு இந்தக் கவனக் கடமையைச் சட்டமாகவே ஆக்கியது. சிங்கப்பூர் 2014லேயே எல்லை தாண்டிய புகைக்குச் சட்டம் போட்டது. வெளிநாட்டில் தீ வைத்த நிறுவனத்துக்கும் நாளொன்றுக்கு 1 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் எந்த நிலம் யார் பெயரில் என்ற சான்று வெளிநாட்டு அரசின் அலுவலகத்தில் இருப்பதால், அச்சட்டத்தைப் பயன்படுத்துவது பெரும் சிக்கலாக இருந்துவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு விதி அந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பாமாயில், சோயா, கொக்கோ, காபி, ரப்பர், மரம், மாட்டிறைச்சி ஆகியவை உள்ளே வரக்கூடாது. விளைந்த நிலத்தின் புவியிடக் குறியீட்டை இறக்குமதியாளரே காட்ட வேண்டும். சான்று தேடும் சுமை பாதிக்கப்பட்டவரின் தோளிலிருந்து வாங்குபவரின் தோளுக்கு மாறுகிறது. எடைமேடைச் சீட்டில் இல்லாதிருந்த கட்டத்தை இந்த விதி கட்டாயமாக்குகிறது. தொழில்தரப்பின் எதிர்ப்பால் நடைமுறைக்கு வரும் நாள் இரண்டு முறை தள்ளிப்போனது இதன் பலவீனம்.

இதற்கு எதிரான வாதங்களில் மிக வலுவானது ஜகார்த்தாவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருவது. தன் காடுகளை நூற்றாண்டுகளுக்கு முன்பே வெட்டித் தீர்த்து, பிறர் நாட்டையும் தோட்டமாக்கிச் செல்வம் சேர்த்த ஐரோப்பா, இன்று நமக்குப் பாடம் நடத்துவதா என்கிறார்கள். வரலாற்றைப் பொறுத்தவரை இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஐரோப்பியக் கடுகு வகை எண்ணெய் விவசாயிகளைக் காக்கும் நோக்கம் இவ்விதிகளில் ஒளிந்திருக்கலாம் என்ற ஐயமும் நியாயமானதே. ஆனால் திரிபா வழக்கைத் தொடுத்தது ஐரோப்பா அல்ல, இந்தோனேசிய அரசு. பொவென் டிகோலில் வழக்காடியவர்கள் பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் அல்லர், அவ்யூ மக்கள். காலனிய அநீதியைச் சொல்லி இன்றைய நிறுவனத்தைக் காப்பவர்கள், காலனியம் செய்த அதே காரியத்தை, அதாவது காட்டில் இருப்பவரைக் கேட்காமலே காட்டைப் பிறருக்கு எழுதிக்கொடுப்பதை, தாங்களும் செய்கிறார்கள்.

இரண்டாவது வாதம் ஏழை விவசாயியைப் பற்றியது. இந்தோனேசிய எண்ணெய்ப்பனைப் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் சிறு விவசாயிகளிடம் இருக்கிறது. பல கிராமங்கள் வறுமையிலிருந்து மீண்டதும் இந்தப் பயிரால்தான். புவியிடக் குறியீடு, சான்றிதழ் என்று கேட்டால் பெரிய நிறுவனம் ஒரு துறையை வைத்துச் சமாளித்துக்கொள்ளும்; இரண்டு ஹெக்டேர்காரர் சந்தையை விட்டே வெளியேற்றப்படுவார். இந்த அச்சம் உண்மையானது. சட்டத்தை எப்படி எழுதக்கூடாது என்பதை இது சொல்கிறது, சட்டமே கூடாது என்று சொல்லவில்லை. அளந்து பதிவுசெய்யும் செலவும் பொறுப்பும் ஆலையையும் வணிக நிறுவனத்தையும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். விவசாயியிடமிருந்து அதைக் கழிக்கக்கூடாது. நிறுவனங்கள் தங்கள் உரிமப் பரப்புக்கு 20 சதவீதம் என்ற கணக்கில் சுற்றியுள்ள சமூகத்துக்குத் தோட்டம் போட்டுத் தர வேண்டும் என்ற விதி 2007 முதல் இருக்கிறது; அதை நிறைவேற்றாத நிறுவனங்கள் ஏராளம். ஏழையின் பெயரைச் சொல்லி விலக்குக் கேட்பவர் முதலில் அந்த 20 சதவீதத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்பதே முறை. வேறு எண்ணெய்க்கு மாறிவிட்டால் என்ன என்பவர்களுக்கும் ஒரு சொல்: ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெய் சோயாவைப்போல் பல மடங்கு. பாமாயிலை ஒட்டுமொத்தமாக ஒதுக்கினால் அதே அளவு எண்ணெய்க்கு இன்னும் அதிக நிலம் வேண்டும், அமேசானில் இன்னும் அதிக மரம் விழும். கோரிக்கை புறக்கணிப்பு அன்று, நிபந்தனை.

மூன்றாவது வாதம் கசிவைப் பற்றியது. ஐரோப்பா மறுத்த எண்ணெய் வேறு நாட்டுக்குப் போகும். சுத்தமான எண்ணெய் அங்கே, மற்றது இங்கே என்று சந்தை இரண்டாகப் பிரியும். காட்டுக்கு எந்தப் பயனும் இருக்காது. மறுக்க முடியாத வாதம் இது. அந்த ‘இங்கே’ எது என்று கேட்கும்போதுதான் நம் பங்கு வெளிப்படுகிறது. உலகில் பாமாயிலை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் டன். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு நாம். 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா சில வாரங்கள் ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் கடைவீதிகளில் விலை தாவியது பலருக்கு நினைவிருக்கும். இவ்வளவு பெரிய வாங்குபவராக இருந்தும், காடழித்த நிலத்தின் எண்ணெயையோ கட்டாய உழைப்பின் எண்ணெயையோ தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. பங்குச் சந்தையில் உள்ள ஆயிரம் பெரிய நிறுவனங்கள் சமூக, சுற்றுச்சூழல் விவரங்களை வெளியிட வேண்டும் என்று செபி கேட்கிறது. வெளியிட்டால் போதும், மாற்ற வேண்டியதில்லை. விலை ஏறிவிடும், ஏழை எப்படிச் சமைப்பார் என்ற கேள்வி உடனே எழும். அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. ஆனால் நம் சமையல் எண்ணெயின் விலையைப் பெரிதும் ஆட்டிவைப்பவை ஏற்றுமதித் தடைகளும் இறக்குமதி வரியும் நாணய மதிப்பும்தான். அடிக்கடி மாற்றும் இறக்குமதி வரியிலேயே, நிலத்தின் சான்றோடு வரும் எண்ணெய்க்குச் சலுகை தர ஒன்றிய அரசால் முடியும். நுகர்வோரின் சுமை கூடாமல் அதைச் செய்யவும் முடியும். 2021இல் 11,040 கோடி ரூபாய் ஒதுக்கி வடகிழக்கிலும் அந்தமானிலும் எண்ணெய்ப்பனையைப் பரப்பத் திட்டமிட்ட அரசு, சுமத்ராவில் நடந்ததை அருணாச்சலத்தில் நடக்கவிடமாட்டோம் என்று சொல்வதற்கும் இதே விதி தேவைப்படும்.

தில்லி அசையும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் நியாயவிலைக் கடைகள் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கொடுத்துவருகின்றன. குடும்ப அட்டைகள் 2 கோடிக்கு மேல். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரித்தான் அதை வாங்குகிறது. அதாவது இந்த எண்ணெயின் மொத்த வாங்குநர்களில் ஒருவர் நம் மாநில அரசு. ஒப்பந்தப்புள்ளியில் எண்ணெயின் நிறம், அமிலத்தன்மை, பாக்கெட்டின் தடிமன் என்று எத்தனையோ நிபந்தனைகள் வைக்க முடியும்போது, எண்ணெய் எந்த ஆலையிலிருந்து வந்தது, அந்த ஆலை எந்த நிலங்களிலிருந்து குலை வாங்கியது என்ற பட்டியலைக் கேட்பது முடியாத காரியமன்று. பெரிய வணிக நிறுவனங்கள் தங்கள் ஆலைப் பட்டியலை ஐரோப்பிய வாடிக்கையாளருக்காக ஏற்கெனவே வெளியிட்டு வருகின்றன. முதல் ஆண்டில் ஆலைப் பட்டியல், அடுத்த சில ஆண்டுகளில் நிலத்தின் சான்று, பொய் சொன்ன வழங்குநருக்குக் கறுப்புப் பட்டியல் என்று படிப்படியாகக் கொண்டுவரலாம். அடுத்த ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே இந்த நிபந்தனையைச் சேர்க்கும்படி உணவுத் துறையையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் நுகர்வோர் அமைப்புகள் கேட்க வேண்டும். இதைப் படிப்பவர்களும் தம் தொகுதி உறுப்பினருக்கு எழுத வேண்டும்.